கொயிலும் கோயிலும்

நேற்றிரவு எங்கள் லேனில் மறுபடியும் கரண்ட் போய்விட்டது. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறோம் என்று பெயர்தான், காற்று நின்றால் நுளம்புகள் ஊர்வலமாக வந்துவிடும். மகள் டோர்ச் வெளிச்சத்தில் நுளம்புக் கொயில் பெட்டியைத் தேடி எடுத்து, ஜோடியாகக் கோர்த்திருக்கும் இரண்டையும் பிரிக்கப் போய், வழக்கம்போல் ஒன்றை மூன்று துண்டாக்கிவிட்டாள். அதைப் பிரிக்க ஒரு கைப்பக்குவம் வேண்டும். அவசரப்பட்டு வெளி நுனியைப் பிடித்து இழுத்தால் உடையும். இரண்டையும் எதிரெதிராக மெதுவாக அழுத்தி, சுற்றுச் சுற்றாகக் கழற்ற வேண்டும். என் உம்மா இதில் கெட்டிக்காரி. அவர் கையில் ஒரு கொயில் உடைந்ததை நான் கண்டதில்லை.

உடைந்த துண்டைத் தகர ஸ்டாண்டில் வைக்கப் பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள்: "வாப்பா, கொயில் எண்டா தமிழா, சிங்களமா?"

இங்கிலீஷ் வாத்தியாரின் மகள் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பு வந்தது. ஆனால் அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கொயில் என்கிறோம். கீழ்வீட்டுச் சிங்கள அன்ரியும் கொயில் என்கிறார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் தமிழில் 'நுளம்புச் சுருள்', சிங்களத்தில் 'மதுரு தங்கர' என்று போட்டிருக்கிறது. கடையில் போய் யாரும் நுளம்புச் சுருள் தாருங்கள் என்று கேட்பதில்லை.

அவளுக்குக் கொஞ்சம் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். சொல்லாமல் வைத்திருந்த ஒரு கதையும் இதற்குள் இருக்கிறது.

கொயில் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் சுருள் என்ற பொருளே இல்லை. இலத்தீனில் 'கொல்லிகெரே' என்றால் ஒன்றுசேர்ப்பது. கலெக்ட், கலெக்‌ஷன் எல்லாம் அந்த வேரில் இருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர் வாயில் அது பூப்பறிப்பது, கனி கொய்வது, பொறுக்கிச் சேர்ப்பது என்று ஆனது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆங்கிலத்தில் அது கப்பல்காரர் சொல்லாகத் தெரிகிறது. தளத்தில் நீண்டு கிடக்கும் கயிற்றைச் சேர்த்து எடுத்து வட்டம் வட்டமாக அடுக்கி வைப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். சிந்திக் கிடப்பதைச் சேர்ப்பது என்ற பழைய பொருள் பின்னுக்குப் போய், வட்டம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

அந்தக் கயிறு எது என்று பாருங்கள், இன்னும் வேடிக்கை. தென்னந்தும்புக்கு ஆங்கிலத்தில் கொயர் என்று பெயர். அது மலையாளக் 'கயர்', நம்முடைய கயிறுக்குச் சகோதரன். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரபு மாலுமிகள் இந்தத் தும்புக் கயிற்றால்தான் ஆணியில்லாமல் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டினார்கள். மாலைதீவில் இருந்து போன தும்பைப் பற்றியும், அதனால் கப்பல் தைப்பதைப் பற்றியும் இப்னு பதூதா எழுதிவைத்திருக்கிறார். அவர் நம் தீவுக்கு வந்தது 1344இல். அடுத்தது சுருட்டு. அதுதான் ஆங்கிலத்தில் செரூட் ஆனது. ஆக, கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார மாலுமி வாயில் செரூட்டோடு கொயரைக் கொயில் பண்ணினான் என்றால், அந்த மூன்று சொல்லில் இரண்டு நம் பக்கத்துச் சரக்கு. இலத்தீன்காரனுக்கு மிஞ்சியது ஒன்றுதான்.

தமிழில் நமக்குச் சுருளுக்குப் பஞ்சமே இல்லை. சுருள், சுழல், சுழி, சுற்று, சுருட்டு, எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. விஞ்ஞானப் பாடத்தில் மின்னோட்டம் பாய்கிற கம்பிச்சுருளைப் படித்திருப்பீர்கள், வரிச்சுருள் என்று ஒன்றையும் படித்திருப்பீர்கள். அரபியில் 'மல்வியா' என்றால் முறுக்கிச் சுற்றியது. ஈராக்கின் சாமர்ராவில் 9ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய பள்ளிவாசலின் மினாராவுக்கே அதுதான் பெயர். வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையோடு, சுமார் 52 மீற்றர் உயரம். படத்தைப் பார்த்தால் யாரோ கொயிலின் நடுவைப் பிடித்து மேலே தூக்கிவிட்டது போல இருக்கும்.

நுளம்புக் கொயிலைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர். உயெயாமா எயிச்சிரோ என்ற வியாபாரி, பைரெத்ரம் பூவை அரைத்து ஊதுபத்தி மாதிரி நீட்டுக் குச்சியாகச் செய்து 1890இல் விற்றார். ஒரு குச்சி முக்கால் மணித்தியாலம்கூட எரியாது. மனிதன் தூங்கியதும் நுளம்பு வந்துவிடும். 1895இல் அவருடைய மனைவி யுக்கி, குச்சியை நீட்டாமல் சுருட்டினால் என்ன என்று கேட்டார். சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. சுருட்டிக் காயவைக்கும் முறையைச் சரிப்படுத்த ஏழு வருடம் எடுத்தது. 1902இல் விற்பனைக்கு வந்தது. சுமார் 75 சென்ரிமீற்றர் நீளத்தை ஒரு கைக்குள் அடக்கி, ஓர் இரவு முழுக்க எரிய வைத்துவிட்டார்கள். இரண்டிரண்டாகக் கோர்த்திருப்பதும் சும்மா இல்லை, இடமும் மிச்சம், மெல்லிய சுருளுக்குத் தாங்கலும் ஆச்சு.

ஒன்று சொல்லிவிட வேண்டும், பிறகு யாராவது வந்து கொமென்ட்டில் சண்டை பிடிப்பீர்கள். மூடிய அறைக்குள் கொயில் எரிக்காதீர்கள். ஒரு கொயில் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. டெங்கு பரப்பும் நுளம்பு வேறு பெரும்பாலும் பகலில், காலையிலும் பின்னேரத்திலும்தான் கடிக்கும். 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானபோது, "நாங்க ஒவ்வொரு ராவும் கொயில் பத்த வைக்கிறோமே சேர்" என்று எத்தனை உம்மாமார் என்னிடம் சொன்னார்கள் தெரியுமா? பிள்ளையைக் கடித்தது பாடசாலை விட்டு வந்து முற்றத்தில் விளையாடிய நேரத்தில்.

இனி அந்தக் கதை.

நான் அப்போது கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். பெயர் வேண்டாம். காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, செட்டியார் தெருவால் நடந்து போவேன். 2019 மார்ச்சில் தரம் 7க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். 'எங்கள் வீட்டில் இரவு' என்று ஐந்து வசனம் தமிழில் எழுத வேண்டும். பிறகு கொப்பியைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்தால், அவன் அதைக் கீழே இங்கிலீஷில் எழுதுவான். தன் வசனத்தைத் தானே மொழிபெயர்த்தால் பிள்ளைகள் தெரிந்த சொல்லுக்கேற்ப வசனத்தை மாற்றிவிடுவார்கள், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு பையன் எழுதியிருந்தது இது: "இரவில் எனது உம்மா கோயிலைப் பற்ற வைப்பார். நல்ல புகை வரும். பிறகு நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். காலையில் சாம்பல் மட்டும் இருக்கும்."

பக்கத்துப் பையன் நல்ல பிள்ளை. எழுத்துக்கு எழுத்து நேர்மையாக மொழிபெயர்த்திருந்தான். கோயிலுக்கு டெம்பிள் என்றே போட்டிருந்தான். உம்மா ஒவ்வொரு இரவும் டெம்பிளைக் கொளுத்துகிறாள், குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிறது.

வாசித்துவிட்டு நானே கதிரையில் சாய்ந்து சிரித்தேன். வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். எழுதியவனும் சிரித்தான். அன்றைக்கு மிச்சப் பாடவேளை முழுக்க அதிலேயே போனது. கரும்பலகையில் பெரிய சுருள் ஒன்று வரைந்து, மேலே சொன்ன கயிறு, சுருட்டு எல்லாம் சொன்னேன். பிறகு கொ, கோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொம்பின் தலையில் ஒரு சுழிதான். பழைய ஏடுகளில் அந்த வித்தியாசம்கூட இருக்காது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம், ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று வைக்காமல் விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்துக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்பார்கள். அந்த எழுத்துக்கு அடுத்து வரும் காலுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அரவு. அரவு என்றால் பாம்பும்தான். "கொயில் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பாம்பு இருக்கு சேர்" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். நல்ல நாள் அது.

அந்தப் பையனின் கொப்பியில் நான் திருத்தவில்லை. பக்கத்தில் சிவப்பில் ஒரு சுருள் வரைந்து, கீழே ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் பாடசாலையில் இருந்து நடந்து போகும் தூரம். அன்று நாடு முழுவதும் இறந்தவர்கள் 260க்கும் மேல். அந்தக் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் முஸ்லிம்களும் போவதைச் சிறுவயதில் இருந்து கண்டவன் நான். கொழும்பில் எல்லாரும் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம். அந்தோனியார் கோயில், மாதா கோயில்.

மே 7ஆம் திகதி நோன்பு தொடங்கியது. எங்கள் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை. அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இருந்த அரபு எழுத்துள்ள புத்தகங்களை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்கள் தவித்தார்கள். இறைச்சி வெட்டும் கத்தியைக்கூட ஒளித்துவைத்தார்கள். அந்த மாதம்தான் ஹஸலகவில் ஒரு பெண், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்துக்காகக் கைதானார். தர்மச்சக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். கப்பல் சுக்கானுக்கும் தர்மச்சக்கரத்துக்கும் வித்தியாசம் சொல்ல ஓர் ஆள் அந்த இடத்தில் இருக்கவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

ஓர் இரவு தராவீஹ் முடிந்து வந்திருந்தேன். அந்தப் பையனின் வாப்பா கோல் எடுத்தார். அவர் பழுதான ஃபேன் மோட்டருக்குக் கொயில் சுற்றுபவர். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீடு, முன் அறைதான் வேலைத்தலம். குரலைத் தாழ்த்திப் பேசினார். பக்கத்து லேனில் சோதனை நடந்திருக்கிறது, தங்கள் பக்கமும் வருவார்களாம்.

"சேர், ஊடு முழுக்கக் கம்பி. கொயில் கொயிலா தொங்குது. அவங்க கண்டா என்ன நினைப்பாங்க?"

வேலைச் சாமான் என்று சொல்லுங்கள் என்றேன்.

"எனக்குச் சிங்களம் வரும் சேர், ஆனா பயத்துல வாய் வராது. நீங்க எழுதித் தாங்க. ஒவ்வொண்டுலயும் ஒட்டி வைக்கிறன்."

மறுநாள் போனேன். நோன்போடு, மே மாத வெயிலில். பையன் கதவைத் திறந்தான், சலாம் சொன்னான், உள்ளே போய்விட்டான். சுவரில் வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் வார்னிஷ் பூசிய செம்புக் கம்பி வளையங்கள். கீழே கம்பி உருளைகள், திறந்து கிடந்த மோட்டர்கள். எனக்கே ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. அந்த மாதம் நாங்கள் எல்லாவற்றையும் அவர்கள் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிலத்தில் உட்கார்ந்து கடதாசியை வெட்டி எழுதினேன். சீலிங் ஃபேன் கொயில். டேபிள் ஃபேன் கொயில். தண்ணி மோட்டர் கொயில். ரன்னிங் கொயில் எது, ஸ்டார்டிங் கொயில் எது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சிங்களத்தில் முதலில் 'தங்கரய' என்று பாடப்புத்தகச் சொல்லைப் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அப்பிடி ஒத்தரும் செல்ல மாட்டாங்க சேர். கொயில் எண்டே எழுதுங்க."

சரி என்று சிங்கள எழுத்தில் கொயில் என்றே எழுதினேன். அதற்குக் கீழே இங்கிலீஷ். மூன்றாவது வரியைத் தமிழில் எழுதப் பேனாவை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"தமிழ்ல வேணாம் சேர். அது வேற மாதிரி விளங்கும்."

அப்போதுதான் எனக்குக் கொப்பி ஞாபகம் வந்தது. அந்தப் பையனின் கொப்பி, 'உம்மா கோயிலைப் பற்ற வைப்பார்', பக்கத்தில் இங்கிலீஷில் டெம்பிள். யாருக்கும் விளங்கும்படி. கீழே வாத்தியாருடைய சிவப்பு நட்சத்திரம்.

நான் கேட்பதற்கு முன்பே அவருடைய மனைவி உள்ளே இருந்து சொன்னார், அந்தப் பக்கத்தைக் கிழித்து முதல் நாள் இரவே அடுப்பில் போட்டுவிட்டாராம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பையனும் அங்கேதான் நின்றான். "அவன் பிழையா எழுதல்ல, சுழி ஒண்டு கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்று நான் சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது லேபிள் அளவில் எழுதிக் கொடுத்துவிட்டு, அஸருக்கு முன் கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சோதனைக்கு வந்தார்களாம். முன் அறையில் நின்று சுவரைப் பார்த்தார்களாம். ஒருவர் ஒரு லேபிளைக் கையில் பிடித்து, "கொயில்?" என்று கேட்டாராம். இவர், "கொயில், சேர்" என்று சொன்னாராம். அவ்வளவுதான் பேச்சு. இன்னொருவர் போகும்போது ஒரு டேபிள் ஃபேனுக்குக் கொயில் சுற்ற எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போனாராம். இதைச் சொல்லிச் சிரித்தார். கோலில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே போனது.

அந்த நாட்களில் ஓர் இரவு ஸஹருக்கு எழும்பித் தூக்கம் வராமல் பழைய இங்கிலீஷ் அகராதியைப் புரட்டினேன். கொயிலுக்கு அதில் இரண்டு தனித்தனிப் பதிவு. ஒன்று நான் வகுப்பில் சொன்ன கயிற்றுச் சுருள். மற்றது சத்தம், குழப்பம், கலகம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த இரண்டாவது சொல் எங்கே இருந்து வந்தது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அதுதான் முந்தியது, 16ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டில், உயிரோடு இருப்பதா வேண்டாமா என்று அந்த இளவரசன் தனியே பேசும் இடத்தில், இவ்வுலக வாழ்வின் அமளிக்கு அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார். பயிற்சிக் கலாசாலையில் நான் அதைச் சுருள் என்றே நினைத்துப் பரீட்சையில் விளக்கம் எழுதியவன். உயிரைச் சுற்றியிருக்கும் உடம்புச் சுருள் என்றெல்லாம் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினேன்.

ஜூனில் பாடசாலை திறந்தபோது பிள்ளைகள் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையோடு வந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி, கொப்பி, பென்சில், எல்லாம் தெரியும். அந்தப் பையன் புதுக் கொப்பி ஒன்று கொண்டுவந்திருந்தான். பழையதில் ஒரு தாள்தானே கிழிந்தது, முழுவதையும் ஏன் மாற்றினாய் என்று நான் கேட்கவில்லை.

விட்டுப்போன பயிற்சிகளை எல்லாரும் திரும்ப எழுத வேண்டும் என்று சொன்னேன். அவன் 'எங்கள் வீட்டில் இரவு' என்று தலைப்பிட்டு ஐந்து வசனமும் எழுதினான். எழுத்து முன்பைவிட அழகாக இருந்தது. இரண்டாவது வசனத்தில் உம்மா நுளம்புத் திரியைப் பற்ற வைத்தார். திரி என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை, எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறான். கடைசி வசனம், காலையில் சாம்பல் இருப்பது, அதில் இல்லை. சரி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு முடியும்வரை அவனுக்கு நான் படிப்பித்தேன். கொயில் என்ற சொல்லை அவன் எழுதி நான் காணவில்லை.